டிரைவர் பக்கத்துச் சக்கரம்

இன்னாசிராஜ் அண்ணன் ரயில்வேயில் கேட்டுக்காரராக இருந்தவர். விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் நடுவில் உள்ள கேட்டுகளில் மாறி மாறி வேலை பார்த்து அங்கேயே ரிட்டயரும் ஆனார். ஊரே அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் போய் வர, இவர் மட்டும் எங்கேயும் போகாமல் கொடியும் கையுமாக நின்றுகொண்டிருந்தார். இன்றைக்கும் தெருவில் காரை இறக்குவதற்கு முன்னால் இந்தப் பக்கம் ஒரு தரம், அந்தப் பக்கம் ஒரு தரம் பார்த்துவிட்டு, தனக்குத்தானே "ரைட்" என்று சொல்லிக்கொண்டுதான் நகர்த்துவார். எங்கள் ஓமந்தூர்த் தெருவில் அந்த நேரத்துக்குக் குறுக்கே வருவது அநேகமாக என் கோழிகளாக இருக்கும். அவற்றுக்கும் அதே மரியாதைதான்.

நான் அவருக்குப் பக்கத்து வீட்டுக்காரன், விருத்தாசலம். எனக்கு மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, போடுகிற ஒரு கொல்லை உண்டு, ஒரு பழைய டிராக்டர் உண்டு, மூக்குக்கு மேல் கோபமும் உண்டு. அவருக்கு இந்த மூன்றும் கிடையாது. அதனால்தான் இரண்டு பேருக்கும் ஒத்துப்போகிறது என்று என் மனைவி கலையரசி சொல்லுவாள்.

ரிட்டயர் ஆனதும் அவர் செய்த முதல் காரியம் ஒரு பழைய வெள்ளைக் காரை வாங்கிக்கொண்டு வந்து வாசலில் நிறுத்தியது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வீட்டுக்கு ஓடு மாற்ற வேண்டியிருக்கிறது, மழைக்கு அடுப்படி ஒழுகுகிறது, இந்த வயதில் டிரைவிங் படித்து என்ன ஆகப்போகிறது?

"இன்னாத்துக்குண்ணே இந்தப் பேஜாரு?" என்று நேராகவே கேட்டுவிட்டேன்.

"மேரிக்குக் கடலைக் காட்டணும்பா" என்றார்.

இதைச் சொன்னால் அவர் கல்யாணக் கதையையும் சொல்ல வேண்டும். சூசை மேரி அண்ணி பொம்மையார்பாளையத்துப் பெண். கடலோரத்திலேயே பிறந்து கடலோரத்திலேயே வளர்ந்தவர். வயசுப் பெண்ணாக இருந்தபோது கருவாட்டுக் கூடையோடு பஸ் ஏறி வந்து இந்தப் பக்கத்துக் கிராமங்களில் விற்றுவிட்டுப் போவாராம். அப்படி ஒரு மத்தியானம் கேட்டு மூடியிருந்திருக்கிறது. கூடையை இறக்கி வைத்துவிட்டு, "ஜல்தியா தொறங்க, ஏற்கெனவே காஞ்ச கருவாடு மறுபடியும் காயுது" என்று கேட்டுக்காரரிடம் சண்டை போட்டிருக்கிறார். அண்ணன் திறக்கவில்லை. இன்றைக்கும் அந்தக் கதையைச் சொன்னால், "ரயிலு போன பிறகுதான் தொறந்தேன்" என்று சர்க்கார் விசாரணைக்குப் பதில் சொல்வது போலச் சொல்லுவார். ஆனால் அன்றைக்குக் கூடையைத் தூக்கித் தலையில் வைத்தது அவர்தான். அடுத்த வருஷம் கோயிலில் மாலை மாற்றிக்கொண்டார்கள்.

கல்யாணமாகி வந்த அண்ணிக்கு ரயில்வே குவார்ட்டர்ஸில் தூக்கம் வரவில்லை. கடல் சத்தம் கேட்காமல் தூங்கிப் பழக்கம் இல்லை. "வேலை முடியட்டும் மேரி, வாரா வாரம் கூட்டிக்கினு போறேன்" என்று அண்ணன் சொல்லியிருக்கிறார். கேட்டுக்காரனுக்கு ஞாயிற்றுக்கிழமையாவது ஒன்றாவது? அந்த வாரா வாரம் வந்து சேர்வதற்குள் இரண்டு பேருக்கும் தலை நரைத்துவிட்டது.

நரைத்தால் என்ன, மனுஷன் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். ஒவ்வொரு ஞாயிறும் காலைப் பூசை முடிந்ததும் கிளியனூர் வழியாகக் கிளம்பிவிடுவார்கள். பொம்மையார்பாளையத்தில் அண்ணியின் தங்கை அக்னஸ் வீட்டில் மீன் குழம்பு. அப்புறம் சாயந்தரம் வரைக்கும் படகு நிழலில் குந்திக்கொண்டு கடலைப் பார்ப்பார்கள். என்னதான் பேசுவீர்கள் என்று ஒரு தரம் கேட்டேன். "எதுக்குப் பேசணும்?" என்றார் அண்ணி.

அண்ணிக்கு இரண்டு முட்டியும் தேய்ந்துபோய்விட்டன. பஸ் படியில் காலை வைத்து ஏற முடியாது. ஷேர் ஆட்டோவில் மடக்கி உட்கார முடியாது. காரில்தான் சீட்டைப் பின்னால் தள்ளிக் காலை நீட்டிக்கொண்டு போக முடியும். கார் இருந்தால் கடல் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. அவ்வளவுதான் விஷயம்.

போன வருஷம் அண்ணனுக்கு நெஞ்சுவலி வந்தது. புதுச்சேரியில் வைத்து ஸ்டென்ட் போட்டு அனுப்பினார்கள். கனம் தூக்கக்கூடாது, மூச்சுப் பிடித்து எதையும் தள்ளக்கூடாது, மெதுவாக வண்டி ஓட்டலாம் என்றார் டாக்டர். அவர்கள் மகன் ஆரோக்கிய ஜெனித் ஓசூரில் வேலையாக இருக்கிறான். நல்ல பையன்தான், அக்கறையில் வாயைத் திறந்தால் மட்டும் அதிகாரி போலப் பேசுவான். அன்றிலிருந்தே காரை விற்றுவிடச் சொல்லி நச்சரித்துக்கொண்டிருந்தான். இந்த மாதம் காரில் பிரேக் மிதித்தால் கிறீச் கிறீச்சென்று சத்தம் வர ஆரம்பித்தது. அண்ணி போனில் பேச்சுவாக்கில் அதைச் சொல்லிவிட்டார். அவ்வளவுதான். விழுப்புரத்தில் பழைய வண்டிகளை எடுத்து உடைக்கிற ஆளிடம் பேசி, திங்கட்கிழமை வந்து எடுத்துப்போகும்படி ஏற்பாடே பண்ணிவிட்டான்.

அண்ணன் குரலை உயர்த்தவில்லை. "ஞாயித்துக்கிழமை பொம்மையார்பாளையம் போய்ச் சேர்ந்து உனக்குப் போன் பண்றேன். பிரேக்கு சுத்தமா இருந்தா வண்டி இங்கயே இருக்கட்டும். போய்ச் சேர முடியலன்னா திங்கக்கிழமை நீ எடுத்துக்கோ" என்றார். ஜெனித் அதற்கு ஒப்புக்கொண்டான்.

சனிக்கிழமை மத்தியானம் திண்டிவனத்து மெக்கானிக் குடும்பத்தோடு கல்யாணத்துக்குப் போய்விட்டான். வளர்பிறை முகூர்த்தம், வேறு ஒருத்தனும் அகப்படவில்லை. அண்ணன் கடைக்குப் போய்ப் பிரேக் பேடு வாங்கிக்கொண்டு வந்தார். செல்போனில் ஒரு வீடியோவைப் போட்டு, அதை முருங்கைமரத்துக் கிளையில் சாய்த்து வைத்துவிட்டு, காருக்குப் பக்கத்தில் சாக்கை விரித்து உட்கார்ந்தார். வேலை ஒன்றும் பெரிய வேலை இல்லை. முன்பக்கச் சக்கரம் இரண்டையும் கழற்றி, தேய்ந்த பேடை எடுத்துவிட்டுப் புதுசை வைக்க வேண்டும். நான் வரப்பு வேலையை விட்டுவிட்டு வந்தேன். அவரைத் தனியாக விட்டால் மூச்சுப் பிடித்துத் தள்ளுவார் என்று எனக்குத் தெரியும்.

அண்ணி உட்காருகிற பக்கத்துச் சக்கரம் மறுபேச்சில்லாமல் வந்துவிட்டது. நாலு போல்ட்டும் ஸ்பேனரை வைத்ததும் சுழன்றன. பேடையும் மாற்றிவிட்டோம். வேலை இவ்வளவுதானா என்று எனக்கே ஒரு மிதப்பு வந்துவிட்டது. டிரைவர் பக்கத்துக்கு வந்தோம். மூன்று போல்ட்டு முனகிக்கொண்டே வந்தன. நாலாவது, காற்றடிக்கிற மூக்குக்குப் பக்கத்தில் இருக்கிற போல்ட்டு, வரவில்லை.

வரவே இல்லை. போல்ட்டு உட்கார்ந்திருக்கிற குழியில் ஏதோ மண் போல இறுகிப்போய்க் கிடந்தது. ஸ்பேனர் பாதிதான் உள்ளே போனது, அழுத்தினால் வழுக்கியது. ஸ்குரூடிரைவரை வைத்துச் சுரண்டினேன். சிமெண்டு மாதிரி இருந்தது. டீசல் ஊற்றினோம். தேங்காயெண்ணெய் ஊற்றினோம். சுத்தியலால் தட்டினோம். மோட்டார் கொட்டகையிலிருந்து இரும்புக் குழாயைக் கொண்டுவந்து ஸ்பேனரின் பிடியில் மாட்டி நீளமாக்கி, நான் தொங்காத குறையாக அழுத்தினேன். ஸ்பேனர் வழுக்கி, என் விரல் முட்டியெல்லாம் தோல் உரிந்துவிட்டது. வீடியோவில் அந்த ஆள் ஒரே கையால் போல்ட்டைக் கழற்றிச் சிரித்துக்கொண்டிருந்தான். போனைத் தூக்கிக் கிணற்றில் போட்டுவிடலாமா என்று இருந்தது.

"ஏற்கெனவே போல்ட்டு தலை மழுங்கிக்கினு வருதுண்ணே. இன்னும் ரெண்டு தரம் வழுக்கினா மெக்கானிக்கே வந்தாலும் கழட்ட முடியாது."

"தேஞ்ச பேடோட போவலாமா?"

"வழியில இன்னா ஆவும்னு யாருக்குத் தெரியும்? அண்ணியக் கூட்டிக்கினு போறீங்க."

அவர் தலையை ஆட்டினார். அண்ணியைச் சொன்னால் போதும், அடங்கிவிடுவார்.

அண்ணி டீ கொண்டுவந்து கொடுத்தார். டம்ளரைக் கொடுத்தவர் உள்ளே போகாமல் தூணைப் பிடித்துக்கொண்டு அந்தச் சக்கரத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். எது கழலவில்லை என்று கேட்டார். காற்று மூக்குப் பக்கத்தில் இருப்பதுதான் என்று காட்டினேன். முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. முட்டி வலி என்று நினைத்துக்கொண்டேன்.

நான் கையில் மஞ்சள் வைக்க வீட்டுக்குப் போனேன். திரும்பி வந்து பார்க்கிறேன், இந்த மனுஷன் எழுந்து நின்று இரும்புக் குழாயின் மேல் மொத்த உடம்பையும் போட்டு அழுத்திக்கொண்டிருக்கிறார். பல்லைக் கடித்துக்கொண்டு, கழுத்து நரம்பு புடைக்க. ஓடிப்போய்த் தோளைப் பிடித்து இழுத்தேன். சாக்கில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். சட்டையெல்லாம் வேர்வை.

"அறிவிருக்குதாண்ணே உங்களுக்கு? டாக்டர் இன்னா சொன்னாரு?" என்று கத்தினேன். 

"ஒண்ணுமில்லப்பா, மூச்சு வாங்குது, அவ்ளோதான். அடுத்த வாரத்திலேருந்து அவ எப்படிப் போவா, சொல்லு."

அண்ணி தூணை விட்டுவிட்டு நொண்டிக்கொண்டே வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். முட்டியை மடக்கக்கூடாது என்பதெல்லாம் மறந்துபோய் மண்ணில் உட்கார்ந்தார். முந்தானையால் அவர் நெற்றியைத் துடைத்துவிட்டார்.

"வுடுங்க. வண்டியும் வாணாம், கடலும் வாணாம். ஜெனித்து எடுத்துக்கினு போவட்டும்."

"இன்னா மேரி இது?"

"அது நான் பண்ணதுங்க."

எங்கள் இரண்டு பேருக்கும் புரியவில்லை.

"அந்தப் போல்ட்டு. நான்தான் உப்பு போட்டேன்."

அழுதுகொண்டே சொன்னார். போன வருஷம் அண்ணனை ஆஸ்பத்திரியிலிருந்து கூட்டி வந்த பிறகு, அந்தோணியார் கோயிலில் மந்திரித்த கல்லுப்பை வாங்கிவந்து ஒரு டப்பாவில் வைத்துக்கொண்டாராம். ஒவ்வொரு ஞாயிறும் அண்ணன் வீட்டைப் பூட்டிக்கொண்டிருக்கும்போது, ஒரு சிட்டிகை எடுத்து ஜெபம் சொல்லிச் சக்கரத்துக் குழியில் போட்டு, விழுந்துவிடாமல் கட்டைவிரலால் அழுத்தி, மேலே கொஞ்சம் தீர்த்தமும் தெளித்துவிடுவாராம். காற்று மூக்குதான் அடையாளம். கார் வாங்கின அன்றைக்குப் பங்குச் சாமியார் வந்து மந்திரித்தபோது முதல் சொட்டுத் தீர்த்தம் அங்கேதான் விழுந்ததாம். ஒரு வாரம்கூட விடவில்லையாம்.

எனக்கு வந்ததே ஒரு கோபம். ஒரு வருஷத்து உப்பு, தீர்த்தம், அதன்மேல் ரோட்டுச் சேறு. துரு ஏறாமல் என்ன செய்யும்?

"ஊறுகாயா போடறீங்க அண்ணி? போல்ட்டுல போய் உப்ப வச்சி அடைச்சா அது எப்படிக் கழலும்? நாலு வீலும் இந்நேரம்…"

சொல்லிக்கொண்டே வந்தவன் நிறுத்திவிட்டேன். அண்ணி பக்கத்துச் சக்கரம் எப்படிச் சுளுவாகக் கழன்றது என்று அப்போதுதான் நினைப்பு வந்தது. அண்ணனுக்கும் வந்திருக்க வேண்டும்.

"எல்லா வீலுக்குமா போட்ட?" என்று கேட்டார்.

"இல்ல. இதுக்கு மட்டுந்தான்."

"ஏன்?"

"இதானே உங்க பக்கம்."

"உன் பக்கத்துக்கு?"

"எனக்கு எதுக்கு?" என்றார் அண்ணி. அண்ணன் கேட்ட கேள்வியே அண்ணிக்குப் புரியாத மாதிரி இருந்தது அந்தக் குரல்.

 திட்ட வைத்திருந்த நாலு வார்த்தையை விட்டுவிட்டு, கீழே கிடந்த ஸ்பேனரை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தேன்.

"எங்கிட்ட சொல்லியிருக்கலாமில்ல?" என்றார் அண்ணன்.

"சொன்னா நான் பக்கத்துல பயந்துக்கினு குந்தியிருக்கறது உங்களுக்குத் தெரிஞ்சிடும். அப்புறம் நீங்களும் பயந்துக்கினே ஓட்டுவீங்க."

 அண்ணன் அண்ணியின் கையை எடுத்துத் தன் முட்டியின் மேல் வைத்துக்கொண்டு, அந்தக் கட்டைவிரலையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அங்கே நிற்கக் கூச்சமாக இருந்தது. குழாயை எடுத்து வைக்கிற சாக்கில் திரும்பிக்கொண்டேன்.

கொஞ்ச நேரம் கழித்து அண்ணி மூக்கைச் சிந்திக்கொண்டு, "இன்னா ஊத்துனீங்க அதுல?" என்று கேட்டார்.

"டீசலு. அப்புறம் எண்ணெய்" என்றேன்.

"உப்பு எண்ணெயில போவுமா தம்பி? கருவாட்டு உப்ப எண்ணெயிலயா கழுவுறோம்? வெந்நீர்ல போட்டாதானே வுடும்."

அட, ஆமாம். கருவாட்டுக் கூடை சுமந்த மனுஷிக்கு உப்பைப் பற்றி நாம் சொல்ல வேண்டுமா? அது மண் என்று நினைத்துத்தான் இரண்டு பேரும் அவ்வளவு நேரம் முட்டிக்கொண்டிருந்தோம். முட்டிக்கு ஒத்தடம் கொடுக்க அண்ணி தினமும் சாயந்தரம் ஒரு பானை வெந்நீர் வைப்பார். அதை நான் தூக்கிக்கொண்டு வந்தேன். சொம்பு சொம்பாக அந்தக் குழியில் ஊற்றினோம். ஊற்ற ஊற்றச் சாம்பல் நிறத்தில் ஒழுகியது. சைக்கிள் கம்பியால் நோண்டினேன். சிமெண்டு மாதிரி இருந்த உப்பு கேப்பைக்கூழ் மாதிரி இளகி வந்தது. கடைசியில் போல்ட்டின் தலை முழுசாகத் தெரிந்தது. உள்பக்கம் இன்னும் மழுங்காமல்தான் இருந்தது. துடைத்து எண்ணெய் விட்டு, அது இறங்கட்டும் என்று கொஞ்சம் காத்திருந்தோம்.

ஸ்பேனரை வைத்தேன். இந்தத் தரம் அடி வரைக்கும் போய் உட்கார்ந்தது. குழாயை மாட்டினேன். அண்ணன் எழுந்தார். அண்ணி அவர் சட்டையின் பின்பக்கத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

"நீங்க சொன்னா போதும், தம்பி பண்ணுவாரு."

"மொதல்ல கொஞ்சூண்டு இறுக்குப்பா. அப்புறம் வுடு" என்றார் அண்ணன், சட்டையை விடுவித்துக்கொள்ளாமலே.

இறுக்கினேன். பிறகு கழற்றுகிற பக்கம் அழுத்தினேன். நகரவில்லை. இன்னொரு தரம். என் கண்ணில் பூச்சி பறந்தது. டக்கென்று ஒரு சத்தம். குழாய்தான் உடைந்துவிட்டது என்று நினைத்தேன். இல்லை, போல்ட்டு அசைந்திருக்கிறது. அப்புறம் ஒரு கிறீச்சலோடு கால் சுற்று, அரைச் சுற்று என்று வந்தது. கையில் எடுத்துப் பார்த்தால் முழுக்கத் துரு. அண்ணி அதை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொள்ளப் போனார். "துரு அண்ணி, கண்ணு போயிடும்" என்று பிடுங்கிக்கொண்டேன்.

பொழுது சாய்வதற்குள் பேடை மாற்றி, போல்ட்டைக் கம்பிப் பிரஷ்ஷால் தேய்த்துத் திரும்ப மாட்டினோம். அண்ணன் பிரேக்கை நாலைந்து தரம் மிதித்து இறுக்கம் பார்த்தார். ஓமந்தூரை ஒரு சுற்றுச் சுற்றி வந்தோம். சத்தம் இல்லை. நின்ற இடத்தில் நின்றது.

மறுநாள் பொம்மையார்பாளையத்திலிருந்து ஜெனித்துக்குப் போன் போயிருக்கிறது. போய்ச் சேர்ந்தோம், பிரேக்கு சுத்தம் என்று அண்ணன் சொன்னாராம். அம்மாவிடம் கொடு என்றிருக்கிறான். அண்ணி போனை வாங்கிக் கடல் பக்கமாக நீட்டிப் பிடித்து, "கேக்குதாடா?" என்று கேட்டாராம். கேட்டது என்று சொல்லியிருக்கிறான். அப்படியும் விழுப்புரத்து ஆளிடம் வேண்டாம் என்று சொல்ல மறந்துவிட்டான் போல. திங்கட்கிழமை காலையில் அந்த ஆள் வண்டியோடு வந்து நின்றான். அவனை வழியனுப்புகிற பொறுப்பை நான் எடுத்துக்கொண்டேன். என்ன சொல்லி அனுப்பினேன் என்பது இங்கே எழுதுகிற மாதிரி இல்லை. அண்ணன்தான் பாவம் என்று அவனை உட்காரவைத்து டீ கொடுத்தார்.

"இனிமே அந்த உப்புக்கும் வண்டிக்கும் சம்பந்தம் இருக்கக்கூடாது அண்ணி" என்று கண்டிப்பாகச் சொல்லி வைத்தேன். அண்ணி சரி தம்பி என்றார்.

அடுத்த ஞாயிறு காலையில் நான் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தேன். அண்ணன் பூசை முடிந்து வந்து காருக்குப் பக்கத்தில் தனியாக நின்றார். அண்ணி உள்ளே புடவைக்குக் குத்த ஊக்குத் தேடிக்கொண்டிருந்தார். அண்ணன் இந்தப் பக்கம் ஒரு தரம், அந்தப் பக்கம் ஒரு தரம் பார்த்தார். பிறகு காரைச் சுற்றிக்கொண்டு அண்ணி உட்காருகிற பக்கத்துக்குப் போய், சட்டைப் பையிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்து, குனிந்து, காற்று மூக்குக்குப் பக்கத்துக் குழியில் ஒரு சிட்டிகை போட்டுக் கட்டைவிரலால் அழுத்தினார்.

"யண்ணே" என்று குரல் கொடுத்தேன்.

திரும்பிப் பார்த்தார். திருடன் மாதிரி முழித்துவிட்டு, வாயில் விரலை வைத்தார்.

வீட்டைப் பூட்ட அவர் போனார். அண்ணி மெதுவாகக் காரைச் சுற்றிக்கொண்டு வந்து ஏறி உட்கார்ந்தார். இரண்டு பக்கமும் பார்த்து, ரைட் சொல்லி, கிளம்பிப் போனார்கள். எனக்கு மனசு கேட்கவில்லை. கார் நின்ற இடத்துக்குப் போய்க் குனிந்து பார்த்தேன். அண்ணி பக்கத்தில் நாலு கல்லுப்பு சிந்திக் கிடந்தது. டிரைவர் பக்கத்திலும் நாலு கல்லுப்பு கிடந்தது, இன்னும் ஈரம் காயாமல்.

வீட்டுக்குள் போய்க் கலையரசியிடம், சனிக்கிழமை சாயந்தரமானால் சக்கரம் கழுவ நம் அடுப்பிலும் ஒரு பானை வெந்நீர் வைத்துவிடு என்று சொன்னேன்.